கொழும்பில் இருந்துகொண்டே மூலிகை பழகுவது எப்படி: ஐந்து செடியில் தொடங்கும் முழுமையான வழிகாட்டி

மூலிகை படிக்க ஆசை வந்தவுடன் பலரும் தேடுவது "இன்ன வருத்தத்துக்கு இன்ன இலை" என்ற பட்டியலைத்தான். பட்டியல் கைபேசியில் ஒரு நிமிடத்தில் கிடைத்துவிடும். ஆனால் அதில் உள்ள ஒரு இலையைப் பிடுங்கி வந்து மேசையில் போட்டு "இது என்ன?" என்று கேட்டால், பட்டியலை மனப்பாடம் செய்தவருக்கும் பதில் வராது. அதனால் இங்கே வரிசையைத் திருப்பிப் போடுகிறேன். முதலில் செடி, அப்புறம் கொப்பி, அப்புறம் அடுப்பு, அதற்குப் பிறகுதான் மருந்துக் கடை. முதல் வருடத்துக்கு ஐந்து செடி போதும். குறைவாகத் தோன்றும், ஆனால் ஐந்தையும் இருட்டில் தொட்டும் மணந்தும் சொல்லும் அளவுக்குப் பழகியவர்கள் நம்மிடையே அதிகம் இல்லை.

முதலில் ஒரு முடிவு: வீட்டு அறிவா, வைத்தியமா?

இரண்டும் வேறு பாதைகள். தடிமன், இருமல், வயிற்றுப் பொருமல் என்று வீட்டோடு நிற்கும் கைம்மருந்து அறிவுதான் வேண்டுமென்றால் இந்த வழிகாட்டி போதும். பிறருக்கு மருந்து கொடுத்து வைத்தியம் பார்க்க வேண்டுமென்றால் சட்டம் இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின்படி ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆயுர்வேதம், சித்தம், யூனானி மூன்றுக்கும் இது பொருந்தும்.

பட்டப்படிப்பாகப் படிக்க விரும்பும் பிள்ளைகள் உயர்தரத்தில் உயிரியல் எடுத்து, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். ஆயுர்வேதமும் யூனானியும் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் இராஜகிரியவில் இருக்கின்றன. 1929இல் சுதேச வைத்தியக் கல்லூரியாகத் தொடங்கிய இடத்தின் வழிவந்தது அது. தமிழில் பெரும்பாலானோர் தேடும் சித்த மருத்துவம் கொழும்பில் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கைதடிப் பிரிவுக்கோ, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்துக்கோ போக வேண்டும். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் நடத்தும் மூன்று மாதச் சான்றிதழ் வகுப்பு உங்களை வைத்தியர் ஆக்காது. ஆக்கும் என்று யாராவது சொன்னால், பதிவு இலக்கம் எங்கே என்று கேளுங்கள்.

ஐந்து செடிகள்

வல்லாரை, துளசி, கற்பூரவள்ளி, ஆடாதோடை, கீழ்காய்நெல்லி. இந்த ஐந்தைத் தேர்ந்ததற்குக் காரணம், தோட்டம் இல்லாத கொழும்பு வீட்டிலும் இவை வளரும். தவிர, ஒவ்வொன்றும் வேறு ஒரு பாடம் சொல்லித் தரும்.

கற்பூரவள்ளியும் துளசியும் பக்கத்துப் பக்கத்துச் சாடியில் இருக்கட்டும். இரண்டின் தண்டையும் விரல்களுக்கிடையில் உருட்டிப் பாருங்கள். வட்டமாக இராது, நாலு மூலை தட்டுப்படும். இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டாக வரும். ஒன்றின் இலை தடித்து மென்மயிரோடு இருக்கும், மற்றது மெல்லியது. ஆனாலும் இரண்டும் ஒரே குடும்பம், புதினாவும் அதே குடும்பம்தான். சதுரத் தண்டு, எதிரிலை, கசக்கினால் மணம் ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் அந்தக் குடும்பத்தை நினையுங்கள். ஒரு குடும்பத்தைப் பழகிவிட்டால், முன்பின் காணாத செடியைப் பார்க்கும்போதும் கொஞ்சம் பிடி கிடைக்கும்.

வல்லாரை சந்தையிலேயே கட்டுக் கட்டாகக் கிடைக்கிறது, கொட்டுகொல என்று கேட்டால் யாரும் கொடுப்பார்கள். வேரோடு உள்ள ஒரு கொடியை எடுத்து ஈரமான, அரை நிழலான சாடியில் வைத்தால் ஓடிப் பரவும். அடையாளம் இலைக்காம்பில் இருக்கிறது. சிறுநீரக வடிவ இலையின் வெட்டு உள்ள பக்கத்தில்தான் காம்பு பொருந்தும். இலையின் நடுவில் குடைக்கம்பி போலக் காம்பு பொருந்தியிருந்தால் அது அழகுக்கு வளர்க்கும் வேறு ஒரு நீர்ச்செடி. வாய்க்கால் ஓரத்திலும் வெற்றுக் காணியிலும் தானாக முளைத்திருக்கும் வல்லாரையைப் பறிக்காதீர்கள். நகரத்துக் கழிவுநீர் எங்கே போகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆடாதோடைக்குத் தண்டுத் துண்டு ஒன்று போதும், மழைக்காலத்தில் நட்டால் பிடித்துக்கொள்ளும். நீண்ட கூரிய இலை, கடுங்கசப்பு, வெள்ளைப் பூவின் கீழ் உதட்டில் ஊதாக் கோடுகள். இருமலுக்கு நம் ஊர்களில் இதைப் பயன்படுத்துவது மிகப் பழைய வழக்கம். இதன் இலையில் உள்ள வசிசின் என்ற பொருளை அடியொற்றித்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்து உருவானது, இன்றும் பார்மசியில் விற்கிறார்கள். அதே வசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மையும் கொண்டது என்பதால் கர்ப்பிணிகளுக்கு ஆடாதோடை ஆகாது. இன்னொரு சிக்கலும் உண்டு. சிங்களத்தில் "பாவட்டா" என்று கேட்டால் ஆடாதோடையும் வரலாம், நம் பாவட்டையும் வரலாம். இரண்டும் வேறு வேறு குடும்பம்.

கீழ்காய்நெல்லியை நட வேண்டியதில்லை. ஏதாவது ஒரு சாடியில் மண்ணைப் போட்டு வைத்தால் கொழும்பு மழைக்குத் தானாக வரும். ஐந்தில் இதுதான் கடினமான பாடம், அதனால்தான் பட்டியலில் சேர்த்தேன். ஒரு சிறுகிளையைப் பிடுங்கித் திருப்பிப் பாருங்கள். இலைகளின் அடியில் வரிசையாகக் காய்கள் தொங்கும். இப்போது காயைக் கிட்ட வைத்து, முடிந்தால் ஒரு பூதக்கண்ணாடியோடு பாருங்கள். காய் வழவழப்பாக, மெல்லிய சிறு காம்போடு, தண்டு பச்சையாக இருந்தால் மருந்துக்குப் பேசப்படும் கீழ்காய்நெல்லி, தாவரப் பெயர் பிலாந்தஸ் அமாரஸ். காய் சொரசொரவென்று, காம்பே இல்லாததுபோல் கிளையோடு ஒட்டி, தண்டு சிவந்திருந்தால் அது பிலாந்தஸ் யூரினேரியா. இரண்டும் ஒரே சாடியில் வருவது சாதாரணம். தண்டை ஒடித்ததும் பால் வடிந்தால் இரண்டுமே இல்லை, அம்மான்பச்சரிசி வகையாக இருக்கலாம்.

செங்கமாரிக்குக் கீழ்காய்நெல்லி என்பது நம் வீடுகளில் ஊறிய பேச்சு. 1988இல் சென்னை ஆய்வாளர்கள் லான்செட் மருத்துவ இதழில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களில் இந்தச் செடி கொடுக்கப்பட்ட 37 பேரில் 22 பேருக்கு, இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது என்றார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு நாடுகளில் செய்து பார்த்தவர்களுக்கு அதே பலன் கிடைக்கவில்லை. ஏன் என்பதற்கு, எந்த இனச் செடி, எங்கே வளர்ந்தது, எப்படிப் பதப்படுத்தியது என்று பல விளக்கங்கள் பேசப்பட்டன. "ஆராய்ச்சியில் நிரூபித்துவிட்டார்கள்" என்ற வரியை அடுத்த முறை காணும்போது இந்தக் கதை நினைவில் இருக்கட்டும். கண் மஞ்சளித்தால் முதலில் போக வேண்டிய இடம் வைத்தியசாலை.

சாடி வைக்கிறவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. சாடிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் நிற்கவே கூடாது. 2007ஆம் ஆண்டின் நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டத்தின் கீழ் வழக்குப் போடலாம், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பிஎச்ஐ) வந்தால் முதலில் குனிந்து பார்ப்பதும் அங்கேதான்.

கொப்பி

ஒரு செடிக்கு நாலு பக்கம் ஒதுக்குங்கள். தமிழ்ப் பெயர், சிங்களப் பெயர், தாவரவியல் பெயர் மூன்றையும் தலைப்பில் எழுத வேண்டும். கொழும்பில் இது தவிர்க்க முடியாதது. கடையில் சிங்களம்தான் ஓடும், வீட்டில் தமிழ், நம்பகமான தகவல்கள் இருப்பதோ தாவரவியல் பெயரின் கீழ். நிலவேம்பு நல்ல உதாரணம். சித்த வைத்தியர் நிலவேம்பு என்றால் ஆண்ட்ரோகிராபிஸ் பானிகுலேட்டா. சிங்களத்தில் அது ஹீன் பிம்கொஹொம்ப. வெறும் பிம்கொஹொம்ப என்றால் முன்ரோனியா என்ற முற்றிலும் வேறான செடி. அது அரிது, விலையும் மிக அதிகம், அதனால் அதற்குப் பதிலாக முன்னதைக் கொடுப்பதும் நடக்கிறது.

மிச்சப் பக்கங்களில் நீங்கள் கண்டதை எழுதுங்கள், படித்ததை எழுத வேண்டாம். எப்போது பூத்தது, கசக்கினால் என்ன மணம், நாக்கு நுனியில் என்ன சுவை. (சுவை பார்ப்பது அடையாளம் உறுதியான செடிக்கு மட்டும்.) நம் மருத்துவம் ஆறு சுவையை வைத்துத்தான் வாதம், பித்தம், கபம் மூன்றையும் அணுகுகிறது. கசப்புக்கும் துவர்ப்புக்கும் வேறுபாடு தெரியாமல் அந்த நூல்களைப் புரட்டிப் பயனில்லை.

பூவோ காயோ உள்ள ஒரு கிளையைப் பழைய பத்திரிகைத் தாளுக்கிடையில் வைத்து மேலே பாரம் ஏற்றுங்கள். கொழும்பின் ஈரக்காற்றில் தாளைத் தினமும் மாற்றாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். காய்ந்ததும் கொப்பியில் ஒட்டி இடமும் திகதியும் எழுதுங்கள். இந்த வேலைக்கு இந்த ஊரில் நல்ல முன்னோடி உண்டு. 1670களில் ஒல்லாந்துக் கம்பனியின் வைத்தியராக இலங்கையில் இருந்த பவுல் ஹெர்மன் இப்படித்தான் செடிகளைக் காயவைத்து ஒட்டினார். தாவரங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றி எழுதியது அந்த உலர்செடிகளை வைத்தே. அவை இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அடுப்படி

இரண்டு முறைகளைப் பழகினால் தொடக்கத்துக்குப் போதும்.

முதலாவது கசாயம். வேர், பட்டை, தண்டு, விதை போன்ற கடினமான சரக்குக்கு. இலங்கை வைத்தியர்களின் வழக்கமான கணக்கு, மொத்தச் சரக்கு 12 கழஞ்சு, அதாவது சுமார் 60 கிராம். எட்டுப் பங்கு தண்ணீர் விட்டு ஒரு பங்காக வற்ற வைப்பார்கள். இது வைத்தியர் எழுதிக் கொடுக்கும் மருந்துக்கான கணக்கு, வீட்டுக் கொத்தமல்லித் தண்ணிக்கு இவ்வளவு இறுக வேண்டாம். ஒரு கைப்பிடி கொத்தமல்லியை வெறும் சட்டியில் மணம் வரும்வரை வறுத்து, தட்டிய வேர்க்கொம்புத் துண்டு ஒன்றோடு நாலு கோப்பை தண்ணீரில் போட்டு, பாதியாகும்வரை சிறு தீயில் அவித்தால் சரி. மண்சட்டி நல்லது, இல்லாவிட்டால் எவர்சில்வர். அலுமினியம் வேண்டாம். தீயைக் கூட்டி அவசரப்படுத்தினால் தண்ணீர்தான் வற்றும், சரக்கின் சாரம் இறங்காது.

இரண்டாவது, மூடி ஊறவைப்பது. துளசி, கற்பூரவள்ளி போன்ற மணமுள்ள இலைகளைக் கசாயம்போல் கொதிக்க வைத்தால் வீடு முழுக்க மணக்கும். மணக்கிறது என்றால் எண்ணெய்ச்சத்து ஆவியாகிப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கொதித்த தண்ணீரை இலைமேல் ஊற்றி, உடனே மூடி, பத்து நிமிடம் விடுங்கள். திறக்கும்போது மூடியின் உட்பக்கத்தில் நிற்கும் துளிகளையும் கோப்பைக்குள் தட்டிவிடுங்கள்.

இலைக்கஞ்சி தெரிந்த வீடுகளுக்கு மூன்றாவது முறையும் கைவசம் இருக்கிறது. வல்லாரையையோ சாத்தாவாரி இலையையோ அரைத்துப் பிழிந்த சாற்றை, சிவப்பரிசிக் கஞ்சி வெந்து இறக்கும் நேரத்தில்தான் விட வேண்டும். முதலிலேயே விட்டால் பச்சை நிறம் பழுப்பாகிவிடும், சுவையும் கெட்டுவிடும்.

புறக்கோட்டைக் கடைகள்

இவ்வளவும் பழகிய பிறகு புறக்கோட்டை கபோஸ் லேனுக்குப் போகலாம். அந்தச் சந்து முழுக்க மருந்துச் சரக்குக் கடைகள். சாக்கு சாக்காக வேர்களும் பட்டைகளும் காய்களும் வாசலிலேயே நிற்கும். சனி காலை நெரிசல் அதிகம். வாரநாளில் பத்து மணிக்குப் போனால் கடைக்காரருக்கும் பேச நேரம் இருக்கும்.

முதல் தடவை பஸ்பங்குவ என்ற ஐந்து சரக்குக் கசாயக் கூட்டை வாங்குங்கள், ஆனால் பொடித்துப் பைக்கற்றில் அடைத்ததை வாங்காதீர்கள். அதில் உள்ள ஐந்தையும் தனித்தனியாக 50 கிராம் கேளுங்கள். கொத்தமல்லி, வேர்க்கொம்பு (இங்குரு), மரமஞ்சள் (வெனிவெல்கெட்ட), கண்டங்கத்தரி (கட்டுவெல்பட்டு), பற்படாகம் (பத்பாடகம்). வீட்டுக்கு வந்து வெள்ளைத் தாளில் விரித்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். மரமஞ்சள் தண்டின் வெட்டுமுகம் ஒன்றே ஒரு மாலை நேரத்துக்குப் போதும். பளிச்சென்ற மஞ்சள், நடுவிலிருந்து சுற்றிவர வண்டிச்சக்கர ஆரக்கால்கள் மாதிரிக் கோடுகள், நாக்கில் பட்டால் நீங்காத கசப்பு. அந்த மஞ்சளும் கசப்பும் பெர்பெரின் என்ற பொருளால் வருவன. நிறம் மங்கி, கசப்புக் குறைந்திருந்தால் பழைய சரக்கு, அல்லது வேறு ஏதோ ஒன்று. கண்டங்கத்தரியில் முள் தெரிய வேண்டும். பற்படாகம் வைக்கோல்போல் இருக்கும், அதில் வேறு புல் கலந்திருப்பது சகஜம், கிளறிப் பாருங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை அதிகமில்லை. சாக்கின் அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து மணந்து பாருங்கள், புழுங்கல் வாடை அடித்தால் வேண்டாம். வேர்க்கொம்பை ஒடித்தால் "டக்" என்று ஒடிய வேண்டும், வளைந்தால் ஈரம். அரைத்த தூள் எதையும் தொடக்கத்தில் வாங்காதீர்கள், தூளில் எதை அடையாளம் காண்பது?

மரமஞ்சளும் கொத்தலாஹிம்புட்டுவும் காட்டிலிருந்து வெட்டி வெட்டியே அருகிவரும் கொடிகள். தேவைக்கு மேல் வாங்கி அலுமாரியில் அடுக்கி வைக்க வேண்டாம். ஒதுக்குக் காட்டில் நீங்களே போய்ப் பிடுங்குவது குற்றம்.

எப்போது கைவைக்கக் கூடாது

கொழும்பில் காய்ச்சல் என்றால் முதலில் டெங்கு என்றே நினைக்க வேண்டும். கொத்தமல்லித் தண்ணி குடிப்பதில் தவறில்லை, நீர்ச்சத்து சேரும். ஆனால் அதைக் குடித்துக்கொண்டு மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. டெங்கில் காய்ச்சல் விடும் நேரம்தான் மோசமான கட்டம் தொடங்கும் நேரம், கசாயத்தால் காய்ச்சல் இறங்கியது என்று நாம் மகிழ்வதும் அதே நேரத்தில்தான்.

ஏற்கெனவே மருந்து எடுப்பவர்களுக்குக் கசாயமும் ஒரு மருந்துதான் என்பதை மறக்கக் கூடாது. நீரிழிவு மாத்திரையோடு கொத்தலாஹிம்புட்டுவோ பாகற்சாறோ சேர்ந்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கலாம். அதிமதுரத்தைத் தொடர்ந்து எடுத்தால் பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர் எந்த மூலிகையையும் வைத்தியரிடம் சொல்லாமல் தொடக் கூடாது. மரமஞ்சளில் உள்ள பெர்பெரின் கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் ஆகாது, பிறந்த குழந்தையின் மஞ்சள்காமாலையை அது கூட்டக்கூடும்.

சிறுநீரகம் தனிக்கதை. வெறும் வயிற்றில் காமரங்காச் சாறோ பிலிங் சாறோ நிறையக் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்தவர்களைப் பற்றி இலங்கை வைத்தியர்களே எழுதியிருக்கிறார்கள். அவற்றில் உள்ள ஒக்சலேட்டுதான் காரணம். பழச்சாறுதானே என்று நினைத்தவர்கள் அவர்கள். ஈசுரமூலியில், சிங்களத்தில் சப்சந்த, உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். பழைய நூல்களில் அது மருந்தாக வருகிறது என்பதற்காக வீட்டில் முயல வேண்டாம்.

மருந்துச்செடி பழகுகிறவர் அதே நேரத்தில் நச்சுச்செடியும் பழக வேண்டும். கார்த்திகைப்பூக் கிழங்கை வேறு கிழங்கென்று நினைத்துத் தின்று இறந்தவர்கள் இந்நாட்டில் உண்டு, அதில் இருப்பது கொல்கிசின் என்ற நஞ்சு. மஞ்சள் அலரி விதை இதயத் துடிப்பைக் குலைக்கும். ஊமத்தை மூளையைக் குழப்பும். இந்த மூன்றையும் படத்தில் மட்டும் பாராமல் நேரில் பார்த்து வையுங்கள், தொட்டால் கையைக் கழுவுங்கள். யாராவது ஏதாவது தின்றுவிட்டால், மிச்ச இலையையோ காயையோ ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் நச்சுத் தகவல் நிலையமும் இருக்கிறது. "ஏதோ ஒரு இலை" என்று போனால் அவர்களாலும் வேகமாக எதுவும் செய்ய முடியாது.

2020 டிசம்பரில் கொரோனாவுக்கு ஒரு பாணி என்று கேள்விப்பட்டு ஆயிரக்கணக்கானோர் கேகாலையில் கூடியது மறந்திருக்காது. ஒரே மருந்து எல்லோருக்கும், ஒரே வாய் போதும், உள்ளே என்ன என்று கேட்காதே: இந்த மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

எங்கே பார்ப்பது, யாரிடம் கேட்பது

ஆயுர்வேதத் திணைக்களமும் பண்டாரநாயக்க ஞாபகார்த்த ஆயுர்வேத ஆராய்ச்சி நிலையமும் நாவின்னையில் இருக்கின்றன. அங்கே மூலிகைத் தோட்டமும் உண்டு. புறக்கோட்டையிலிருந்து 138 பஸ் அந்த வழியாகவே போகும். முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவது நல்லது. பெயர்ப்பலகை வைத்த மரங்களைப் பார்க்கக் கம்பஹா ஹெனரத்கொட தாவரவியல் பூங்காவுக்கு ரயிலில் போய் வரலாம், 1876இல் இந்நாட்டின் முதல் இறப்பர் நட்ட இடமும் அதுதான். பேராதனையில் மருந்துச்செடிப் பகுதியும் தேசிய உலர்தாவரகமும் உள்ளன. குழப்பமான செடியை உறுதிப்படுத்த அதைவிட நல்ல இடம் இல்லை. நகருக்குப் பக்கத்திலேயே என்றால் கோட்டேயில் உள்ள பெத்தகான ஈரநிலப் பூங்கா போதும், நீரோரத் தாவரங்களைப் பழக நல்ல இடம்.

வைத்தியரிடம் கேட்கும் முறை ஒன்றிருக்கிறது. "ஐயா, சலரோகத்துக்கு என்ன மூலிகை?" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும், வரவும் வேண்டும். கொப்பியையும் ஒட்டிய செடியையும் கொண்டுபோய், "இதை நான் கீழ்காய்நெல்லி என்று எழுதியிருக்கிறேன், சரியா? வேரையும் சேர்ப்பீர்களா? யாருக்குக் கொடுக்க மாட்டீர்கள்?" என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்கிறவரிடம் திரும்பத் திரும்பப் போகலாம். "எல்லோருக்கும் கொடுக்கலாம்" என்கிறவரிடம் போகாதீர்கள். வீட்டில் அம்மம்மாவோ அப்பாச்சியோ இருந்தால் பிள்ளைப்பேற்றுச் சரக்கின் அளவுகளை இப்போதே எழுதி வாங்குங்கள். அவர்கள் கை அளவில் சொல்வதைத் தராசில் போட்டுக் கிராமிலும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் உங்கள் கைப்பிடியும் அவர்கள் கைப்பிடியும் ஒன்றில்லை.

இரண்டாம் வருடத்துக்கு நன்னாரி (இரமுசு), ஆவரசு (ரணவரா), வில்வம்பூ (பெலிமல்), தேங்காய்ப்பூக்கீரை (பொல்பலா), நொச்சி ஆகிய ஐந்தையும் எடுக்கலாம். முதல் நாலும் காய்ந்த சரக்காகக் கடையில் கிடைப்பதால் செடியையும் சரக்கையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். நொச்சிக்கு ஒரு தண்டு கேட்டு வாங்கி நட வேண்டியதுதான்.